அரிசி டிரம்முக்குள் மூணு போன்

அந்தப் போனைச் சித்தெ கவுத்து வைங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. அட, கவுத்தாலும் பின்னாடி மூணு கண்ணு இருக்குது. பையிலயே போட்டுருங்க. ஆ, இப்பச் சரி. இனி மனுசனும் மனுசனும் பேசலாம்.

நான் போன் கொண்டாரல. ஊட்டுல அரிசி டிரம்முக்குள்ள கெடக்குது. சிரிக்கறீங்க. எல்லாருந்தான் சிரிக்கறாங்க. என்ற சம்சாரம் மட்டும் சிரிக்கறதில்லை. அரிசி அளக்கையில ஒவ்வொரு தடவையும் கைக்குத் தட்டுப்படுதுன்னு அவளுக்குக் கடுப்பு.

பேரு பொங்கியண்ணனுங்க. ஊரு சங்ககிரி. லாரிக்காரன். ரெண்டு வண்டி வெச்சிருந்தேன், ஒண்ணை நானே ஓட்டுனேன். இப்ப வித்துப்போட்டுச் சும்மா இருக்கறேன். சும்மான்னா, லாரி ஓனர் சங்கத்துல போய் உக்காந்து பேப்பர் படிக்கறது, பேசறது. சங்ககிரிக்காரன் எதுக்குச் சேலத்துல வந்து பஸ் ஏறியிருக்கறேன்னு கேப்பீங்க. கேக்கலையா? கேளுங்க. ஊருல ஏறினா நாலு பேரு பாப்பான். பாத்தவன் எங்க போறீங்கம்பான். அதனாலதான் அப்படியே சுத்தி சேலம் போயி, அங்கிருந்து இந்த பஸ்ஸு. டிக்கெட்டு திண்டுக்கல்லுக்கு. எறங்கறது கரூர்ல. கண்டக்டருக்கே தெரியாது. எப்படி?

உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க மதுரை போற ஆளு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நல்ல ஊட்டுப் புள்ளைன்னு. ஆளை எடை போடறதுல நான் கெட்டி. முன் சீட்டுல இருக்கறான் பாருங்க, காதுல வெள்ளையா ரெண்டைச் சொருகிட்டு. சேலத்துல இருந்தே அவனைப் பாத்துட்டுத்தான் வர்றேன். பாட்டுக் கேக்கறவன் தலைய ஆட்டுவானில்லீங்க? இவன் ஆட்டவே மாட்டேங்கறான். கொஞ்சம் மெதுவாவே பேசுவோம்.

எனக்கு டெக்னாலஜியே ஆகாதுன்னு நெனச்சுக்காதீங்க. லாரியில ஏர் பிரேக்கு வந்தப்ப எங்க ஊருல மொதல்ல சரின்னு சொன்னவன் நானு. ஆனா கேள்வி கேக்கணும்ங்கறேன். டோலுக்குக் கண்ணாடியில ஒரு ஸ்டிக்கரு ஒட்டறாங்க. நிக்காமப் போலாம், நல்லதுதான். எந்த டோலை எப்பத் தாண்டுனேன்னு எவனோ ஒருத்தனுக்குத் தெரியுதே, அவன் ஆரு? கரண்டுக்குப் புது மீட்டரு வருதாம். ராத்திரி நான் எத்தனை மணிக்கு எந்திரிச்சு லைட்டுப் போட்டேன்னு ஆபீசுல உக்காந்துட்டே பாத்துக்கலாமாம். நான் ஒண்ணுக்குப் போறது அவனுக்கு எதுக்குங்க? சங்கத்துச் செயலாளரு இப்ப லெட்டரு எழுதறதே இல்லை, கம்ப்யூட்டர்கிட்ட வாயில சொல்றாரு, அதுவே எழுதிக் குடுக்குது. எழுதறதுக்கு அது மொதல்ல காதுல வாங்கணுமில்லைங்க. வாங்குனதை எங்க வெச்சிருக்குது? கேட்டா, அண்ணா நீங்க பேப்பரு படிங்கங்கறாரு.

ஹைட்ரஜன் வண்டிக்கு வர்றேன். அதுலதான் என்ற குடும்பமே மாட்டிக் கெடக்குது.

என்ற மாப்பிள்ளை நவநீதன். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில இஞ்சினியரு. கம்பெனி பேரு வேண்டாம். ஹைட்ரஜன் பஸ்ஸுக்கும் லாரிக்கும் டேங்கு செய்யறாங்க. டேங்குன்னா டீசல் டேங்கு மாதிரி தகரம் இல்லீங்க. அத்தனை அழுத்தத்துல கேஸை அடைச்சு வெக்கோணும். ஒவ்வொரு டேங்கையும் அழுத்தம் ஏத்திச் சோதிச்சு, தாங்காததை ஒதுக்கிப் போடணும். ஒதுக்கிப் போட்ட டேங்கு மறுபடியும் பாஸ் ஸ்டிக்கரு ஒட்டிக்கிட்டு லோடு ஏறுனதை மாப்பிள்ளை பாத்துட்டாரு. ஒருக்கா இல்லை, பல தடவை.

என்ற பொண்ணு சிந்துஜாவைக் கட்டுன மொத ஆடி அது. ஊட்டுக்கு அழைச்சு விருந்து வெச்சோம். அவ அப்ப வாயும் வயிறுமா இருக்கறா. சாப்புட்டு முடிச்சு மாப்பிள்ளை என்னைத் தனியாக் கூப்புட்டு, "மாமா, நீங்க ரோட்டுல கெடந்தவரு. ஒரு பஸ்ஸுக்கு அடியில ஓட்டை டேங்கு இருக்கறது உங்களுக்குத் தெரியுது. உள்ள அம்பது பேரு. என்ன பண்ணுவீங்க?"ன்னாரு. 

உடனே நான் என்ன பண்ணுனேன்? என்ற போனு, சிந்து போனு, மாப்பிள்ளை போனு, மூணையும் வாங்கி அரிசி டிரம்முக்குள்ள அமுக்கி மூடியப் போட்டேன். அரிசிக்குள்ள போட்டா சத்தம் போவாதுன்னு எனக்கொரு கணக்கு. "மாமா, இதெல்லாம் வேண்டியதில்லை"ன்னாரு. "உங்களுக்குத் தெரியாது மாப்பிள்ளை, கேக்குது"ன்னேன். பொறகுதான் பேசவே உட்டேன்.

டில்லியில ஒரு ஆபீசு இருக்குதாம், எழுதிப் போட்டா பேரை வெளிய உடமாட்டாங்களாம். எழுதட்டுமான்னாரு. நான் எழுதுங்கன்னேன். தெகிரியம் குடுத்ததே நானுதான். ஆனா ஒண்ணு சொன்னேன், "ஆருக்கும் மூச்சு உடப்படாது."

காட்டிக் குடுக்கறது தப்பில்லையான்னு கேப்பீங்க. சங்கத்துலயே இதுக்குப் பெரிய வாக்குவாதம் நடந்திருக்குது. என்ற வண்டியில கிளீனரா ஒருத்தன் இருந்தான். ரெட்டிபட்டி செக்போஸ்ட்டுல, பிரேக்கு புடிக்க மாட்டேங்குது சார்னு அவனாப் போயிச் சொல்லிப்போட்டான். அங்கயே எறக்கி உட்டுட்டு வந்துட்டேன். அது வேறைங்க. அது மொதலாளியக் காட்டிக் குடுக்கறது. மாப்பிள்ளை பண்ணுனது ஊருக்கு நல்லது. ரெண்டும் ஒண்ணாகுமா?

ஆச்சுங்களா. எழுதிப் போட்டாரு. ஒரு தொந்தரவும் இல்லை.

அப்பத்தான் அதே கம்பெனிக்காரங்க எங்க சங்கத்துக்கு வந்தாங்க. இனி ஹைட்ரஜன் லாரிதான், எல்லாரும் வாங்கோணும்னு எடுத்துச் சொல்றதுக்கு. கல்யாண மண்டபம் புடிச்சு, மதியச் சாப்பாடு போட்டு, பெரிய திரையில படங் காட்டுனாங்க. டை கட்டுன ஒரு ஆளு பேசுறான். நல்லாப் பேசுறான். பொகையே வராதாம், பொகைக்குப் பதிலாத் தண்ணிதான் வருமாம். அந்தத் தண்ணிய டம்ளர்ல புடிச்சுக் குடிச்சே காட்டிப்போட்டான். சனம் வாயப் பொளந்து பாக்குது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

எந்திரிச்சேன். "தண்ணி குடிச்சுக் காட்டுனது சந்தோசம். டேங்கைச் சோதிக்கறீங்களே, சோதனையில தோத்த டேங்கு எங்க போவுது? அதைச் சொல்லுங்க"ன்னேன். அவன் மூஞ்சி போன போக்கைப் பாக்கோணுமே! சமாளிச்சுக்கிட்டு, "ஐயா, எங்ககிட்டத் தோத்த டேங்கு வெளிய போறதில்லை, ஆரோ தப்பாச் சொல்லியிருக்காங்க"ங்கறான். ஆரோவா? என்னைப் பாத்தா ஆரோ சொன்னதைக் கேட்டுட்டு வந்த ஆளாட்டவா தெரியுது? "என்ற ஊட்டு ஆளே உங்க கம்பெனிக்குள்ள இருக்கறான் சாமி. டில்லி வரைக்கும் தாக்கல் போயிருச்சு. உக்காருங்க"ன்னேன்.

கைதட்டுனாங்க பாருங்க! பின்னாடி நின்ன சமையக்காரன் வரைக்கும் தட்டுனான். இந்த வயசுல இதுக்கு மேல என்னங்க வேணும்?

பேரைச் சொல்லல. கவனிச்சுக்கோங்க. பேரைச் சொல்ற அளவுக்கு நான் என்ன மடையனா?

கூட்டம் முடிஞ்சதும் அந்த டைக்காரனே எறங்கி வந்து என்ற கையப் புடிச்சுக்கிட்டான். "உங்களை மாதிரி பெரியவங்க கேள்வி கேட்டாத்தான் நாங்க திருந்த முடியும்"னான். என்ன மரியாதை! கூட நின்னு போட்டா எடுத்தான். ஒரு குடை குடுத்தான், ஒரு பை குடுத்தான். இந்தா, மடியில வெச்சிருக்கறனே, இந்தப் பைதான். நல்ல கெட்டி. "உள்ள இருக்கறது உங்க மகனுங்களா ஐயா?"ன்னு நைசாக் கேட்டான். நான் உடுவனா? "எனக்கு மகனே இல்லை. பொண்ணு வழி. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்காதீங்க"ன்னு மடக்கிப்போட்டேன். அத்தோட வாயத் தொறக்கலையே அவன்.

அந்த வாரமே மாப்பிள்ளைய வேலைய உட்டு எடுத்துட்டாங்க.

டிசைனைத் திருடிட்டாருன்னு போலீசுல புகாரு வேற. ஓசூர்ல அவங்க குடியிருந்த ஊட்டுக்கு எதுத்தாப்புல ரெண்டு பேரு எந்நேரமும் வண்டியச் சாத்திட்டு நிக்கறானுங்களாம். சிந்து மாசமா இருக்கறா, கீழ எறங்கிப் பால் வாங்கப் போனாப் பின்னாடியே வர்றானுங்களாம். பயந்து போயி ரெண்டு பேரும் எங்கூட்டுக்கு வந்தாங்க.

எப்படித் தெரிஞ்சுருக்கும்? சொல்லுங்க பாக்கலாம். டில்லிக்காரன் சொல்ல மாட்டான். மாப்பிள்ளை சொல்லல. நான் சொல்லல. மிச்சம் இருக்கறது அந்த மூணு போனுதான். அரிசி ஈரத்தைத்தான் இழுக்குமாட்ட இருக்குது, பேச்சை இழுக்கல. நான் மாப்பிள்ளைகிட்ட நேராவே சொன்னேன், "டிரம்மு மூடிய நீங்கதான் கடைசியாச் சரி பண்ணுனீங்க. இறுக்கி மூடலையாட்ட இருக்குது"ன்னு.

அவரு என்னையே பாத்தாரு. "மாமா, வேற ஆருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"சத்தியமா ஆருகிட்டயும் உங்க பேரைச் சொல்லல மாப்பிள்ளை." நெசந்தானுங்களே அது.

சிந்து அங்க மூலையில இருந்த குடைய எடுத்தா. கம்பெனி பேரு போட்ட குடை. விரிச்சுப் பாத்தா, மடக்கி வெச்சா. "இது ஏதுங்கப்பா?"ன்னா. சங்கத்துல குடுத்தாங்க கண்ணு, உங்கப்பன் பேசுன பேச்சுக்கு மண்டபமே கை தட்டுச்சுன்னு நடந்ததைப் பூராச் சொன்னேன். அவளுக்குச் சந்தோசமா இருக்குமேன்னுதான் சொன்னேன். மாப்பிள்ளை தலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. இலை போட்டு வெச்ச சோறு, தொடாமக் கெளம்பிட்டாங்க. மழை வேற தூறுச்சு. அந்தக் குடைய வேணும்னா எடுத்துட்டுப் போ கண்ணுன்னேன். திரும்பியே பாக்காமப் போறா.

எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல தம்பி. நான் என்ன பண்ணுனேன்?

தலைப் பிரசவம் பொறந்த ஊட்டுலதானுங்களே? எந்த ஊருலயும் அதுதானே வழக்கம்? அவ வரல. என்ற சம்சாரத்தை மட்டும் கூப்புட்டுக்கிட்டாங்க. இவ போயிட்டு ஒரு மாசம் கழிச்சு வர்றா. எந்த ஊரு ஆஸ்பத்திரின்னு கேட்டா, ஆஸ்பத்திரி இருக்கற ஊருங்கறா. கட்டுனவகிட்ட நான் கேட்டு, அவ எனக்குச் சொல்ற பதிலு! கொழந்தை எப்படி இருக்குதுன்னா கொழந்தை மாதிரி இருக்குதுங்கறா. பொறகு அவளே மனசு கேக்காம, உங்க மூக்குத்தான் அப்படியேன்னா. அன்னிக்கு நான் அழுதுட்டேங்க. வெக்கத்தை உட்டுச் சொல்றேன், கட்டுத்தறிக்குப் பின்னால போயி நின்னு அழுதேன்.

இப்பத்தான், அவங்கம்மா கெஞ்சிக் கதறி, சிந்து ஒத்துக்கிட்டா. கரூர் பஸ் ஸ்டாண்டுல பூக்கடைங்க இருக்கற பக்கம் கொழந்தையோட நிப்பா. சித்தெ நேரம் பாத்துட்டு, தூக்கிக் கொஞ்சிட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பிரணும். போனு கொண்டாரப்படாது. ஆருகிட்டயும் சொல்லப்படாது. எங்க குடியிருக்கறாங்கன்னு கேக்கப்படாது. நான் கேக்கல. ஆனா எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குச் சித்தி ஒருத்தி கரூர்ப் பக்கம் வெள்ளியணையில இருக்கறா, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி ஓட்டு ஊடு. அங்கதான் இருப்பாங்க. லாரிக்காரன் மூளைக்கு இது எட்டாதுன்னு நெனச்சாங்க பாருங்க. சம்சாரத்துகிட்டக் கூட நான் இதைச் சொல்லல. உங்ககிட்டத்தான் மொத மொதல்ல.

அட, வண்டி ஏன் நின்னு போச்சு? கரூருக்கு முன்னால வர்ற வேலூர்ப் பாலத்துல ஏதோ லாரி மாட்டிக்கிச்சாட்ட இருக்குது. பாருங்க அக்கட்ட, ஆக்சில் போயிருக்கும். டீசல் வண்டிதான், நின்னாலும் வெடிக்காது.

கேஸு என்னாச்சுன்னு கேட்டீங்கல்ல? நல்ல கேள்வி. இத்தனை நேரத்துல நீங்க கேட்டதே அந்த ஒண்ணுதான். அடுத்த வாரம் விசாரணை வருது. மாப்பிள்ளை திருடலைன்னு சொல்றதுக்கு ஒரே ஒரு ஆளு இருக்குது. சோதனைப் பிரிவுல அவரோட வேலை பாத்த பொம்பளை, ரெஜினான்னு பேரு. ஒதுக்குன டேங்குல ஸ்டிக்கரை மாத்தச் சொல்லி அதுகிட்டயே சொல்லியிருக்கறாங்க. இன்னும் அங்கதான் வேலையில இருக்குது பாவம், ரெண்டு கொழந்தைங்க, ஊட்டுக்காரன் இல்லை. நேரா விசாரணைக்கு வந்து நின்னு சொல்லிர்றேன்னு சொல்லியிருக்குது. அது வரைக்கும் கம்பெனிக்குத் தெரிஞ்சா முடிஞ்சுது, அதையும் தூக்கிருவானுங்க, மாப்பிள்ளை உள்ளதான். எனக்கு எப்படித் தெரியும்னா, என்ற சம்சாரம் பக்கத்து ஊட்டுப் போன்ல சிந்துகிட்டப் பேசிட்டிருந்தா. ஒட்டெல்லாம் கேக்கலீங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அந்த முன் சீட்டுக்காரன் திரும்பிப் பாத்தானா இப்ப? பாத்தான், நான் பாத்தேன். "ஏப்பா, உனக்கு என்ன வேணும்?" ... சன்னலைச் சாத்தட்டுமான்னு கேக்கறான். எப்படி நடிக்கறானுங்க பாருங்க.

நேரமாவுதுங்க. அவ வெயில்ல கொழந்தைய வெச்சுக்கிட்டு நிப்பாளே. அவசரம்னா ஏதாச்சும் கடை போன்ல இருந்து கூப்புடச் சொல்லி ஒரு நம்பரு குடுத்திருக்கறா. புது நம்பரு. இங்க பாலத்து மேல கடைக்கு எங்க போறது? ... அட, உங்க போனா? குடுக்கறீங்களா? நல்லா இருப்பீங்க தம்பி. உங்க போன்னா பரவால்லை, அதுக்கு என்ற விசயம் என்ன தெரியும்? நம்பரை எழுதி வெக்கல, எழுதுனா எவனாச்சும் எடுத்துருவான். மனசுல வெச்சிருக்கறேன். காதைக் கொண்டாங்க, நான் சொல்றேன், நீங்க அமுக்குங்க.

... அலோ! அம்மிணி! அப்பந்தான் கண்ணு. வேலூர்ப் பாலத்துல வண்டி நின்னு போச்சு, சித்தெ நேரமாவும், நெழலாப் பாத்து நில்லு. ... கடை இல்ல கண்ணு, இது பக்கத்துச் சீட்டுத் தம்பி போனு. ... பயப்படாதே, தங்கமான புள்ளை, மதுரை போறாரு. எல்லாஞ் சொல்லிட்டுத்தான் வர்றேன், அவரும் பொறுமையாக் கேட்டுக்கிட்டு... அலோ? சிந்து? ... ஏன் கண்ணு? எதுக்கு அழுவற? ... எறங்காமயா? ... அலோ? அலோ?

வெச்சுட்டா.

கொழந்தை அழுதுச்சுங்க. பின்னால கேட்டுச்சு. மொத தடவையாக் கேக்கறேன் அந்தச் சத்தத்தை. நல்ல கணீர்னு அழுவுது, எங்கம்மா மாதிரி.

என்ன சொன்னாளா? கரூர்ல எறங்காதீங்கப்பா, அப்படியே போயிருங்கன்னா. உங்களைக் கும்புட்டுக் கேட்டுக்கறேன், இனி வரவே வராதீங்கன்னா. பெத்தவனைப் பாத்து இப்படிச் சொல்ற புள்ளையா அவ? இல்லீங்க. இந்தப் போனுதான். போன்ல பேசுனாலே அவளுக்குப் பயம், எவன் கேக்கறானோன்னு. அப்படி ஆக்கி வெச்சிருக்கறானுங்க என்ற கொழந்தைய. சித்தெ தண்ணி இருந்தாக் குடுங்க.

வண்டி எடுத்துட்டானா. இனி என்ன, அமராவதி தாண்டுனாக் கரூரு.

நான் எறங்க மாட்டேன். அவ சொல்லிட்டா, நான் கேக்கோணும். திண்டுக்கல் டிக்கெட்டு கையில இருக்குது, சும்மா கண்ணுல மண்ணைத் தூவறதுக்கு வாங்குனது, அங்க போய் எறங்கி டீயக் குடிச்சுட்டுத் திரும்பறேன். பேத்தி எங்கயும் போயிர மாட்டா. மூக்கு என்னுதுதானாம்.

என்னங்க எந்திரிக்கறீங்க? கரூர்லயா? நீங்க மதுரைன்னு... ஓ, நாந்தான் மதுரைன்னு சொன்னனா? சோலி இருக்குதா, சரி சரி.

அப்ப ஒரு ஒத்தாசை பண்ணுங்க தம்பி. உங்களைக் கடவுள்தான் அனுப்பியிருக்கறான். இந்தப் பையப் புடிங்க. உள்ள வெள்ளி அரைஞாண் கொடி இருக்குது, பேத்திக்கு. பூக்கடைப் பக்கம் கைக்கொழந்தையோட நிப்பா, செவப்பா, ஒல்லியா, எடது கன்னத்துல மச்சம். உங்கப்பன் குடுத்தாருன்னு சொல்லுங்க, வாங்கிக்குவா. அங்க இல்லீன்னா, வெள்ளியணை சொன்னனில்லீங்க, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி.

உங்க பேரைக் கேக்கவே இல்லை பாருங்க. வேண்டாம், வேண்டாம், இப்பச் சொல்லாதீங்க. முன் சீட்டுக்காரன் காதுல இருந்து அதைக் கழட்டிட்டான்.